தரை தெரியணும்

தரையில் ஓர் இலை கிடந்தால் அக்காவுக்குப் பேச்சு ஓடாது. நீங்கள் எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாலும் சரி, மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது என்று சொல்லுங்கள், வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள், அவர் கண் உங்கள் முகத்தை விட்டு இறங்கிக் காலடிக்குப் போய்விடும். "தம்பி, காலக் கொஞ்சம் எடு," என்பார். எடுத்ததும் குனிந்து அந்த இலையைப் பொறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "ம், இப்ப சொல்லு," என்பார். அதற்குள் நமக்குச் சொல்ல வந்ததே மறந்து போயிருக்கும்.

கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணியிலிருந்து பீடோங் போகும் வழியில் இருக்கிறது எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபை. சின்ன ஆலயம், முன்னால் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு பெரிய மாமரம். அக்காவின் வீடு பின்பக்கத் தாமான் குடியிருப்பில். விடியும்போதே ஈர்க்கு விளக்குமாறும் கையுமாக வந்துவிடுவார். யாரும் அவரை வேலைக்கு வைக்கவில்லை. வைத்திருந்தால் எங்களையும் சேர்த்துக் கூட்டித் தள்ளியிருப்பார். வயதில் மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. அக்கா என்று கேட்டால் முச்சந்தி நாசி லெமாக் கடைக்காரர்கூட வீட்டுக்கு வழி சொல்வார்.

பீடோங்கில் ஒரு சாவு வீடு. எங்கள் சபை ஆள், நன்றாக இருந்தவர், திடீரென்று போய்விட்டார். பெண்கள் உள்ளே அழுதுகொண்டிருந்தார்கள். ஆண்கள் நாங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கைபேசியைத் தடவிக்கொண்டு வெளியே நின்றோம். அக்கா உள்ளே போனார், ஜெபம் பண்ணினார், வெளியே வந்தார், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் ஒரு விளக்குமாறு வாங்கினார். எங்களை எல்லாம் ஓரமாக ஒதுங்கச் சொல்லிவிட்டு வாசலைக் கூட்டினார். ஒரு சாவு வீட்டில் இதென்ன கூத்து என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கொஞ்ச நேரத்தில் இறந்தவரின் மனைவி எழுந்து வாசலுக்கு வந்தார். "கூட்டியாச்சாக்கா?" என்று கேட்டார். "கூட்டியாச்சும்மா. தரை தெரியுது," என்றார் அக்கா. காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாத அந்த அம்மாள் அதற்குப் பிறகுதான் ஒரு டம்ளர் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

இன்னொரு முறை கோலா கெடாவில் ஃபெர்ரி ஏறி லங்காவித் தீவுக்குச் சபைச் சுற்றுலா போனோம். கடற்கரையில் பாய் விரிக்க இடம் பார்த்தால், அக்கா காய்ந்த தென்னை மட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு மணலைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார். இளசுகள் சிரித்துச் சிரித்து வீடியோ எடுத்தார்கள்.

"அக்கா, கடலு வந்து திரும்பவும் கொட்டும்லா!"

"கொட்டட்டும். அது வேலய அது பாக்குது, என் வேலய நான் பாக்குறேன். நீ பாய விரி."

எதற்கும் அவர் வாயில் வருவது ஒன்றுதான்: தரை தெரியணும். வீட்டில் கம்பளம் போடமாட்டார், தரை தெரியணும். குளிப்பறையில் கால்மிதி போடமாட்டார், தரை தெரியணும். இது ஒருவகைப் பைத்தியம் என்றுதான் நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆலயத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது வாய்விட்டுக் கேட்டும்விட்டேன்.

அந்தக் காலத்தில் அவர் ரப்பர் எஸ்டேட்டில் ஆயாவாக இருந்தவர். பால் மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகை அவர் பொறுப்பு. ஒருநாள் கூட்டிக் குவித்த இலையை அப்புறம் அள்ளிக்கொள்ளலாம் என்று சுவரோரம் விட்டிருக்கிறார். ஒரு பெண் குழந்தை தவழ்ந்து அந்தக் குவியலிடம் போயிருக்கிறது. உள்ளேயிருந்து நாகம் வெளியே வந்திருக்கிறது.

"புள்ள கால ஒரசிக்கிட்டுப் போச்சு தம்பி. ஒன்னும் பண்ணல. அது பாட்டுக்குப் போயிருச்சு. அந்தப் புள்ள இப்ப பினாங்குல பேங்க்ல வேல செய்யிறா, கல்யாணம் ஆகிப் புள்ளைங்க இருக்கு. அவளுக்கு அது ஞாபகமே இல்ல. எனக்குத்தான் இன்னும் விடல."

மழை நின்றது. அக்கா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பைத்தியம் என்று மனசுக்குள்கூடச் சொன்னதில்லை.

அந்த மாமரத்தை அவர் தினமும் காலையில் திட்டுவார். "சனியனே, நேத்துத்தானே அள்ளுனேன், இன்னைக்கும் கொட்டி வச்சிருக்கே, ஒனக்கு வேற வேலயில்லயா?" என்று அதோடு சண்டை போட்டுக்கொண்டேதான் கூட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும்போது அதே மரத்தடிதான் அவருக்கு எல்லாம். பிரசங்கம் தொடங்கியதும் பிள்ளைகள் சிணுங்கும். தாய்மார்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து அக்கா கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக உள்ளே போவார்கள். அவர் மொழுமொழு என்று கூட்டி வைத்த மண்ணில் பாயைப் போட்டு, சுற்றிலும் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொள்வார். எஸ்டேட் போனது, லயத்து வீடுகள் போயின, அக்காவின் ஆயாக் கொட்டகை மட்டும் அந்த நிழலில் நடந்துகொண்டிருந்தது.

வம்பு மழையில் வந்தது. அந்த வருஷம் கெடாவில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கலாம். மரத்தடியில் ஒரு புல் கிடையாது. ஓரத்தில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. வெறும் மண் கரைந்து சேறாக ஓடி ஆலயப் படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. ஒரு பெரியவர் சறுக்கி விழுந்தார். இடுப்பு தப்பியது கர்த்தர் செயல். சுளுக்கோடு போயிற்று.

எங்கள் பாஸ்டர் இளைஞர், நல்லவர், ஆனால் எதையும் உடனே முடித்துவிடவேண்டும் அவருக்கு. சபைக் கூட்டத்தில் சிமெந்து போட்டுவிடலாம் என்றார். சிமெந்து வேலைக் குத்தகைக்காரர் வந்து பார்த்துவிட்டு, வேர் சிமெந்தைத் தூக்கிவிடும், மரத்தை எடுத்தால்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லிவிட்டாராம். குழுவில் உறுப்பினராக இல்லாத அக்கா, இடுப்பில் ஒரு குழந்தையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மரத்த எடுத்துட்டா புள்ளைங்கள எங்க வச்சிக்கிறது பாஸ்டர்?"

"உள்ள ஏர்கான் ரூம் இருக்கேக்கா."

"அந்த ரூம்ல புள்ளைங்க கத்தும். கத்துனா நீங்க பிரசங்கத்த நிறுத்திட்டுத் திரும்பித் திரும்பிப் பாப்பீங்க."

எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்கா சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். நான் சபைச் செயலாளர். வாயைத் திறப்பதற்கு முன்னால் யோசிக்கவேண்டியவன். யோசிக்கவில்லை. "சேறுதானே பிரச்சன? புல்லு பிடிச்சிட்டா மண்ணு நகராது. அறுப்பின் பண்டிகைக்குள்ள நான் புல்லு வளத்துக் காட்டுறேன்," என்று சொல்லிவிட்டேன். பாஸ்டர் சரி என்றார். பண்டிகைக்குள் புல் வராவிட்டால் அடுத்த வாரமே மரம் வெட்டுவது என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா கூட வந்தார்.

"புல்லா? உள்ள என்ன கெடக்குன்னு எப்படித் தம்பி தெரியும்?"

"குட்டையா வெட்டி வச்சிக்கலாம்க்கா."

"ம்." இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். "மரம் நிக்கணும். நீ போடு. நான் எடத்தச் சுத்தமா வச்சித் தாரேன்."

நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னதன் அர்த்தம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

புல் வளர்ப்பது பற்றி எனக்கு என்ன தெரியும்? தொழிற்சாலையில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். ஆன்லைனில் தேடினேன். ஒரு பொட்டலத்தின் மேல் வெள்ளை வீடும் அதன் முன்னால் பச்சைக் கம்பளம் மாதிரி புல்வெளியும் படம் போட்டிருந்தது. மயங்கி வாங்கிவிட்டேன். தூவினேன். சில நாளில் நூல் நூலாக வெளிறிப்போய் நாலு முளை தலைகாட்டியது, பிறகு படுத்துவிட்டது. படத்தில் மரமே இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

அடுத்து சுங்கைப் பட்டாணியில் விதை, உரம் விற்கும் கடைக்குப் போனேன். கடை முதலாளியான சீனத் தவ்கே நான் கொண்டுபோன பொட்டலத்தை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இது வெயில் புல், மொட்டை வெயிலில் கிடந்தால்தான் வரும், மரத்தடிக்கு ஆகாது என்று மலாயில் சொன்னார். மெல்லிசு இலைப் புல்லை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அகல இலை வைக்கும் மாட்டுப்புல் விதையை எடுத்து வைத்தார்.

"அழகா இருக்காதே தவ்கே," என்றேன்.

"ஒனக்கு அழகு வேணுமா, புல்லு வேணுமா?" என்றார்.

கீழ்க்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடச் சொன்னார். மண்ணைக் கீறிவிட்டு, விதையை மணலோடு கலந்து தூவி, லேசாக மிதித்து, பூந்தூறலாகத் தண்ணீர் விடச் சொன்னார். அத்தனையும் செய்தேன். இடுப்பு ஒடிந்தது. யாரும் மிதிக்காமல் இருக்க, சுற்றிலும் குச்சி நட்டு ரஃபியா கயிறு கட்டினேன். சபையார் எல்லோரும் கயிற்றுக்கு வெளியே சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பாஸ்டர்கூடச் சுற்றித்தான் போனார்.

விதை முளைக்கவேண்டிய காலம் வந்தது, போனது. ஒன்றும் இல்லை. மண் வழித்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. வாய்க்கொழுப்பில் ஒரு மரத்தைப் பணயம் வைத்துவிட்டோமே என்று என்னை நானே நொந்துகொண்டேன். நிழல் அதிகம், இந்த மரத்தடியில் எதுவும் வராது, கதை முடிந்தது என்று பாஸ்டரிடம் சொல்லிவிடுவதென்று ஒரு காலையில் கிளம்பிப் போனேன்.

போன இடத்தில், மரத்தோடு ஒட்டி, இரண்டு பெரிய வேர்களுக்கு நடுவில், பச்சை தெரிந்தது. குனிந்து பார்த்தேன். அகல இலை. மாட்டுப்புல்தான். வேர்களின் இடுக்குகளில் எல்லாம் கொழுகொழு என்று வந்திருந்தது. இருக்கிற முற்றத்திலேயே நிழல் அதிகமான இடம் அதுதான். அங்கே வருகிற புல் வெளிச்சம் விழும் இடத்தில் ஏன் வரவில்லை? அப்படியே நிமிர்ந்து வெறும் மண்ணைப் பார்த்தேன். மண்ணில் அரைவட்டம் அரைவட்டமாகக் கோடுகள், ஈர்க்குக் கோடுகள். கயிற்றைப் பார்த்தேன். நான் கட்டிய முடிச்சு அது இல்லை. என்னுடையதைவிட நல்ல முடிச்சு. தினமும் விடியற்காலையில் அவிழ்த்து, உள்ளே போய்க் கூட்டி, திரும்ப ஒழுங்காகக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். கயிறு மிதிக்கிறவர்களுக்குத்தானே? அவர் மிதிக்கவில்லை, கூட்டினார். அக்கா கூட்டுவது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். ஒருவனுக்கும் தோன்றவில்லை பாருங்கள்!

கோபம் வந்தது. மறுபடி பார்த்தால் சிரிப்பு வந்தது. அப்புறம் பயம் வந்தது. இதை எப்படி அவரிடம் சொல்வது? அவர் ஆராதனையில் பாடமாட்டார், எழுந்து சாட்சி சொல்லமாட்டார், மரத்துக்காக அன்று கேட்டதைத் தவிரக் கூட்டத்தில் வாய் திறந்ததில்லை. அவரையும் ஆலயத்தையும் இணைப்பது அந்த விளக்குமாறு ஒன்றுதான்.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஆலயத்துக்குப் பின்னாலிருந்து குப்பைக் கூடையும் விளக்குமாறுமாக வந்துவிட்டார்.

"என்ன தம்பி, ஒன்னையும் காணோமே? நான்தான் தெனமும் பளிச்சுன்னு வச்சிருக்கேனே."

நான் வேரிடுக்கைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். அந்த இடுக்கில் விளக்குமாற்றை விட்டுப் பார்த்தார், போகவில்லை. பிறகு திரும்பித் தான் போட்ட கோடுகளைப் பார்த்தார்.

"எறும்பு தூக்கிட்டுப் போயிருக்கும்க்கா. இல்லாட்டி சிட்டுக்குருவி," என்றேன்.

"எறும்பு கோடு போடுமாடா?"

விளக்குமாற்றைத் திருப்பி அதன் நுனியைப் பார்த்தார்.

"நானே கூட்டிக் கூட்டிக் குப்பையில போட்டிருக்கேன். மரத்தையும் நானே வெட்டப் பாத்திருக்கேன்." அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"அக்கா, வெத இன்னும் மிச்சம் இருக்கு. நாளும் இருக்கு. திரும்பப் போடுவோம். நீங்க கொஞ்ச நாளைக்குக் கூட்டாம இருந்தா போதும்."

"எல விழுமே?"

"விழும்."

"எல மூடுனா மொள அழுகிப்போவாதா?"

போகும். அதை நான் யோசிக்கவே இல்லை. மாவிலை தடித்த இலை. நனைந்து படிந்தால் அடியில் இருப்பது மூச்சுவிடாது. கூட்டினாலும் போச்சு, விட்டாலும் போச்சு. அக்கா மூக்கைச் சிந்திவிட்டு விளக்குமாற்றைக் கொண்டுபோய் ஆலயத்தின் பின்கட்டில் சாத்தினார். "நீ வெதயப் போடு," என்றார்.

மறுநாள் விதை போட்டேன். அதற்கு அடுத்த நாள் காலையில் பார்க்கிறேன், விதைத்த மண்ணுக்குக் குறுக்கே செங்கல் முட்டுக் கொடுத்து ஒரு பலகை. அதன்மேல் மகா கவனமாக அக்கா உட்கார்ந்திருக்கிறார். கையில் பழைய குடையிலிருந்து கழற்றிய கம்பி. எட்டிய தூரத்தில் கிடக்கும் இலையை நுனியால் குத்தி, மண் அசையாமல் தூக்கி, பக்கத்து வாளியில் தட்டுகிறார். அடுத்த இலை. அடுத்த இலை. முடிந்ததும் இறங்கி, பலகையை நகர்த்தி, மறுபடி ஏறி உட்காருகிறார். மரத்தைத் திட்டுவதை மட்டும் விடவில்லை. "போடு, போடு, இன்னும் போடு. ஒன் உசுருக்குத்தான் குந்திக்கிட்டு இருக்கேன், ஒனக்கு அறிவிருக்கா?"

விளக்குமாறு பிடித்த கைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அரைமணியில் பளிச்சென்று முடிகிற வேலை, முதுகு வலிக்க வலிக்க உச்சிவெயில் வரைக்கும் இழுத்தது. நானும் குத்திப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பொறுமை போய்விட்டது. ஓர் இலை கிடந்தால் கிடக்கட்டுமே என்று நினைக்கிற எவராலும் முடிகிற காரியம் இல்லை அது. ஓர் இலையைக்கூடப் பொறுத்துக்கொள்ளமுடியாத ஆள்தான் வேண்டியிருந்தது.

புல் வந்தது. முதலில் வெறும் பச்சைப் புள்ளி, பிறகு இரண்டு இலை, பிறகு தண்டு ஓடிப் பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டது. அக்கா தினமும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். கண் பட்டுவிடும் என்பது மாதிரி இருவரும் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மறுநாள் காலையில் பெண்கள் மாங்காய் ஊறுகாய்ப் பாட்டில்களை விற்பனை மேசையில் அடுக்கிக்கொண்டிருக்க, பாஸ்டர் வந்தார். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினார். கயிற்றைத் தாண்டி மரத்தடியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, உள்ளங்காலைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் இருந்தது, சேறு இல்லை.

"குத்தகைக்காரருக்கு நான் போன் பண்ணிச் சொல்லிர்றேன்," என்றார்.

பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா இன்னும் சிமெந்து நடைபாதையிலேயே நின்றார். கையில் சபைப் பிள்ளைகளில் அந்த வருஷத்துக் கடைக்குட்டி. குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் புல்லில் மண்டியிட்டார். இரண்டு உள்ளங்கையையும் விரித்து, பாய் போடும் அகலத்துக்குப் புல்லை மெதுவாக விலக்கி விலக்கித் தடவிப் பார்த்தார், பேன் பார்ப்பதுபோல. எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். முழுக்கப் பார்த்துவிட்டு, "குடு," என்றார். பாய் போடவில்லை. குழந்தையை அப்படியே புல்லின்மேல் உட்காரவைத்தார். அது ஒரு கொத்துப் புல்லை வேரோடு பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டது.

"அடப்பாவி! இதுக்காடா நான் முதுகு ஒடியக் குந்துனேன்?" என்று அதன் வாயில் விரலை விட்டு நோண்டினார். ஊறுகாய் மேசைப் பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு அக்காவும் சிரித்தார்.

இப்போது அவர் ஜொகூரில் மகளோடு இருக்கிறார். முழங்கால் தேய்ந்துவிட்டது, தனியாக விடமுடியாது என்று மகள் வந்து கூட்டிப் போய்விட்டாள். உயரமான அடுக்குமாடி, பளிங்குத் தரை, ஓர் இலை பறந்து வரவும் வழியில்லையாம். "கூட்டுறதுக்கு ஒன்னுமே இல்ல தம்பி, கை நமநமன்னு இருக்கு," என்று சொல்வார். மரத்தடியில் தாய்மார்கள் முறை வைத்து இலை பொறுக்குகிறார்கள். அக்காவின் குடைக்கம்பி இன்னும் இருக்கிறது. அவரைப்போல யாருக்கும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரம் பார்த்துச் சரியாக எனக்கு அழைப்பு வரும். போன வாரமும் வந்தது. என் சுகம் கேட்கவில்லை, பாஸ்டர் சுகம் கேட்கவில்லை.

"மரத்தடிக்குப் போனியா?"

"அங்கதான்க்கா நிக்கிறேன். புள்ளைங்க உருண்டுக்கிட்டுக் கெடக்குதுங்க."

"மழயாமே அங்க? மண்ணு கரையுதா? எங்கயாச்சும் தரை தெரியுதா?"

வேரிலிருந்து படிக்கட்டு வரைக்கும் ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"ஒரு எடத்துலகூடத் தரை தெரியலக்கா."



"அப்பாடா," என்றார் அக்கா.